வெளியிலிருந்து அடித்த ஆணிகள்

என் ராசா, தம்பி இசக்கிக்கு,

இன்று காலை எழுந்ததும், பால்கூட எடுத்து வைக்காமல், சுத்தியலோடு மொட்டைமாடிக்குப் போனேன். நீ வேலை செய்த மாடி அறையின் ஜன்னலை அடைத்திருக்கும் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினேன். மீதி பதினொன்றையும் பிடுங்கக் கை வரவில்லை. எதற்காகப் போனேன் என்று உனக்குத் தெரியும்.

நீ போய் நாலு மாதம் ஆகப்போகிறது. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் விடிவதற்குள் தெருமுனையில் ஹாரன் அடிக்கின்றன. உன் கடைசிப் பெட்டி மட்டும் அறை நடுவில் அப்படியே நிற்கிறது, என் தோள் உயரத்துக்கு. பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டி அண்ணாச்சி, பாட்டு நெஞ்சில் அடிக்க வேண்டுமென்று தன் வீட்டு ஹாலுக்குக் கேட்ட சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி. நேற்று எடுத்துப்போக ஆட்களோடு வந்தார். வெளியே எடுக்க முடியவில்லை.

பலகைகளைத் தனித்தனியாக மாடிக்கு ஏற்றி, உள்ளே வைத்துப் பெட்டியாக்குவது உன் வழக்கம். வாசலை அளந்து நிலைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் முதல் பலகையை வெட்டுவாய். இந்தத் தடவையும் எழுதியிருக்கிறாய். ஆனால் பெட்டி அதிரக் கூடாதென்று ஒவ்வொரு பக்கமும் இன்னொரு பலகையை ஒட்டினாயே, அந்தக் கனத்தைக் கூட்ட மறந்துவிட்டாய். எப்படித் திருப்பினாலும் ஒன்றரை இஞ்ச் இடிக்கிறது. இருபது வருஷத்தில் நீ செய்யாத தப்பு. மூச்சு வாங்க வாங்க வேலை செய்தவனுக்கு அளவு எப்படி நிற்கும்?

தூக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, பொட்டிய வச்சிட்டு அதச் சுத்தி வீட்டக் கட்டியிருக்காவ போல!"

"வாய மூடுலே," என்றார் அண்ணாச்சி. பிறகு என்னிடம், "டீச்சர், ரெண்டே வழிதான். பொட்டிய ரெண்டா அறுத்து அங்கன போய் ஒட்டணும். இல்லன்னா இந்த ஜன்னலப் பேத்து மொட்டமாடி வழியா வடம் போட்டு எறக்கணும். சொவரப் பழையபடி பூசித் தாரது எம் பொறுப்பு. என்ன சொல்லுதிய?"

"அறுத்துருங்க," என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உன் பெண்டாட்டி செல்வி அழுதுவிட்டாள். "மதினி, அவிய கடைசியா செஞ்சது மதினி. சொவரு போனா கட்டிக்கிடலாம். இத அறுக்கச் சொல்லுதியளே!"

நாளை சாயங்காலம் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு அண்ணாச்சி ஆட்களோடு திரும்பிப் போனார்.

ஸ்பீக்கரைக் கையால் அமுக்கி, மூலைக்கு மூலை ஊதுபத்தியைக் காட்டிப் புகை ஆடுகிறதா என்று நீ பார்க்கும்போது, பத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். காற்று கசிந்தால் நெஞ்சில் அடி விழாது, விசில்தான் வரும் என்பாய்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "சத்தம் வெளிய போயிரும்னு அவியளே ஜன்னல அடச்சிக்கிட்டு, தூசியத் தின்னே போய்ச் சேந்தாவ. யாரு பேச்சக் கேட்டாவ?" உன்னைத் திட்டித் திட்டி அழுகிறாள். நான் அவர்களுக்குக் காப்பி எடுத்துக் கொடுக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே சாரல் காற்று. சாரல் விட்ட நேரத்தில் காயப்போட்ட என் புடவைகளிலெல்லாம் நீ அறுத்த பலகைத் தூசி. "ஏலே, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமா, இல்ல மாவு மில்லுக்குப் போகணுமா?" என்று கத்தினேன்.

"சீசன் முடியுற வரைக்கும் அடச்சிக்கோக்கா. எனக்கு லைட்டு இருக்குல்லா," என்று சிரித்தாய்.

நானே பலகையை வைத்து, வெளியிலிருந்து பன்னிரண்டு ஆணி அடித்தேன். சீசன் முடிந்தது. புடவைகள் சுத்தமாகக் காய்ந்தன. நீ கேட்கவில்லை, நான் திறக்கவில்லை. மொட்டைமாடிக்கு என்னைத் தவிர யார் போகிறார்கள்?

நுரையீரல் இறுகிவிட்டது, தூசியும் காரணமாக இருக்கலாம் என்ற டாக்டர், நீ வேலை செய்கிற இடத்தில் காற்றோட்டம் உண்டா என்று கேட்டார். செல்வி மருந்து வாங்கப் போயிருந்தாள். "உண்டு சார்," என்றேன். ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே உன் கண் என் பக்கம் திரும்பியது. நீ தலையைக்கூட ஆட்டவில்லை. அக்கா மானத்தைக் காப்பாற்றினாயா? இல்லை, மறுத்துச் சொல்ல மூச்சு மிச்சமில்லையா?

பெட்டியை அறுத்துவிட்டால் ஜன்னலை யாரும் தொட மாட்டார்கள். அதனால்தான் நேற்று அப்படிச் சொன்னேன். ராத்திரி முழுக்கச் செல்வி அழுதது காதில் நின்றது; அவள் பிடிவாதம் ஜெயித்து ஜன்னலைப் பேர்க்க வந்தால், வெளியிலிருந்து அடித்தது யார் கண்ணிலும் படக் கூடாதென்றுதான் காலையில் சுத்தியலை எடுத்தேன். ஆணி பிடுங்கியதில் பலகை விலகிய இடுக்கு வழியாகப் பசை வாடையும் புழுக்கமும் என் முகத்தில் அடித்தன. ஒரு நிமிஷம் அங்கே மூக்கை வைத்து நிற்க முடியவில்லை, இசக்கி. நீ அதற்குள் மூன்று வருஷம் இருந்தாய்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்யும்போது, கொத்தனாரைக் கூட்டிவரச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் செல்வியை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவேன். பதினோரு ஆணியும் இருந்த இடத்திலேயே இருக்கும். யார் அடித்தது என்பதையும், டாக்டரிடம் என்ன சொன்னேன் என்பதையும் என் வாயாலேயே சொல்வேன். அதன்பிறகு அவள் என்னை மதினி என்று கூப்பிடுவாளா, தெரியாது.

உன் பெட்டி முழுசாகத்தான் இந்த வீட்டை விட்டுப் போகும். இது சத்தியம்.

உன் ஜன்னலை அடைத்த
அக்கா