சுரங்கத்துக்கு இரண்டாம் விசிறி

தை 9, திங்கள்

கடும்பனி. தொண்டை தெளிவு. ஞாயிறு மாலை வாலாசாபாத்தில் பொதுக்கூட்டம், உரைக்குறிப்பு எழுதவேண்டும்.

மைத்துனர் கதிரேசன் விடுப்பில் வந்துள்ளார். மலையில் இருப்புப்பாதைக்குச் சுரங்கம் குடையும் பணி. சென்ற மாதம் உள்ளே எண்ணெய்ப் பீப்பாய் தீப்பற்றியதாம். தீ சிறிது, புகை பெரிது. இவரும் ஆட்களும் தரையோடு தவழ்ந்து பிழைத்தனர். இதை மனைவியிடம், என் தங்கை மலர்விழியிடம், சொல்லலாமா? வெள்ளியன்று பணிக்குத் திரும்பவேண்டியவர். அவளோ அவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப பெரிய பேன் வச்சிட்டாங்க மலரு. புகைய அந்தாண்ட தள்ளிக்கினே இருக்கும்."

"எங்கண்ணன் மாதிரி பேசக் கத்துக்கினீங்களா?"

'மின்விசிறி' என்று திருத்தினேன். இருவரும் முறைத்தனர்.

தை 10, செவ்வாய்

தங்கையிடம் முக்கால் மணி பேசினேன். ஏழு எடுத்துக்காட்டுகள். மேடையாயின் கைதட்டல் அடங்கியிராது. அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். "முடிஞ்சிதாண்ணா? நகரு, வெளிச்சம் மறைக்குது."

முடிவு: விசிறி புகையைத் தள்ளுவதைக் கண்முன் காட்டுவது. தேவை: மூங்கில் பிளாச்சு, ஈரச்சாக்கு, தேங்காய் மட்டை, கொல்லர் துருத்தி.

தை 11, புதன்

வீட்டுச் சந்தில், தெருவிலிருந்து கொல்லைவரை சாக்குச் சுரங்கம். நடுவில் மட்டைத் தீ. அதன் தெருப்பக்க முனையில் துருத்தியுடன் மைத்துனர்; புகை கொல்லைக்குப் போகவேண்டும்.

தெருவில் பட்டுப் பாவு நூலை விரித்திருந்த நெசவாளர் ஏகாம்பரம் கூவினார்: "தலைவரே, பாவுல புகை ஏறிச்சின்னா பொடவைய நீங்கதான் கட்டிக்கணும்!"

"அஞ்சற்க! இப்புகை இப்பக்கம் திரும்பவே திரும்பாது!" என்று தொடங்கினேன். முன்னுரை நீண்டுவிட்டது. மைத்துனர் கை தளர்ந்தது. புகை கூரையை ஒட்டியபடி காற்றை எதிர்த்து ஊர்ந்து வந்து, திறந்திருந்த என் வாயில் புகுந்தது. இருமல். கண்ணீர். தெருவே சிரித்தது. ஏகாம்பரம் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம்.

மலர்விழி துருத்தியைப் பிடுங்கி ஓங்கி ஊதினாள். புகை முழுதும் கொல்லைக்கு! இப்பக்கம் தெளிவு, அவள் முகத்திலும். பிறகு வேண்டுமென்றே கையை எடுத்தாள். புகை திரும்பியது.

"அந்த ஒரு பேனு நின்னுபோச்சின்னா?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். என்னிடம் குரல் இல்லை.

"ரெண்டாவது பேனு கேளுங்க. வந்தா சாவி தரேன்."

தை 12, வியாழன்

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. பேச்சு இல்லை, வீட்டில் அனைவரும் மகிழ்ச்சி.

தலைமைப் பொறியாளருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், ஐந்து பக்கம். மலர்விழி கடைசி வரியை மட்டும் கிழித்தெடுத்தாள்: 'ஒரு விசிறி நின்றால் ஆட்கள் உள்ளே சிக்குவர், இன்னொன்று வந்தால் வருகிறேன்.' மைத்துனர் அதை ஆங்கிலத்தில் தந்தியாக்கினார். எதிர்க்கக் குரல் இல்லை.

தை 14, சனி

வெள்ளி கடந்தது. மறுமொழி இல்லை. வேலை போயிற்று என்கிறார் மைத்துனர். மலர்விழி சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். சோறு இறங்கவில்லை, எவருக்கும்.

தை 15, ஞாயிறு

வெயில். பாதிக் குரல்.

பத்து மணிக்குத் தந்தி. இரண்டாம் விசிறி வந்திறங்கியது, உடனே வருக! சாவி வெளிவந்தது.

பேருந்து நிலையத்தில் அவள் சொன்னது இவ்வளவே: "மொதல்ல ரெண்டாவத ஓடவுட்டுப் பாருங்க. அப்பறம் உள்ள போங்க."

அவர் தலையாட்டினார். வண்டி நகர்ந்தது.

வாலாசாபாத்துக்கு ஐந்து மணிப் பேருந்து. உரைக்குறிப்பு முடிந்தது. அரைப்பக்கம்.