வீட்டுப் பொண்ணு மாதிரி

கோயம்புத்தூர்
4.10.1979

அன்புள்ள அப்பாவுக்கு, செவ்வந்தி எழுதுவது. நான் இங்கே சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டதா? சம்பா நடவு முடிந்ததா? தம்பி இதை உரக்கப் படிப்பான், அதனால் நல்ல சேதியை முதலில் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் கோப்பை வாங்கிவிட்டார்கள். பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஓரத்தில் பந்துப் பையைப் பிடித்திருக்கும் கை மட்டும் என்னுடையது. உதவிப் பயிற்சியாளருக்குப் படத்தில் அவ்வளவுதான் இடம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரி என்னைப் பயிற்சியாளராகவே கூப்பிடுகிறது. அதற்கு இங்கே தலைமைப் பயிற்சியாளர் விமலா மேடம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். கேட்டேன். "நீ என் வீட்டுப் பொண்ணு மாதிரி. உன்னை எப்படி விடுவேன்?" என்று கன்னத்தைத் தட்டிக் காபி வாங்கிக் கொடுத்தார். போன வருடமும் இதே பேச்சு, இதே காபி.

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பண்ணையில் ஐயாவும் உங்களை வீட்டுப் பிள்ளை மாதிரி என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்?

ஒரு கோரைப்பாய் அனுப்புங்கள், விடுதிக் கட்டிலில் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் வேண்டும்.

இன்னொன்று. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து பண்ணையை விட்டு வெளியே வந்தீர்களே, அன்று ஐயா முகத்துக்கு நேரே முதலில் என்ன சொன்னீர்கள்? ஒரு வார்த்தை மாறாமல் தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார், பந்துப் பையை எடுக்க வேண்டும்.

உங்கள் மகள்
செவ்வந்தி