நம்முளுதா, வானத்துதா?

அப்பா,

இன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மதுரைக்காரப் பெண்ணும் வந்தாள். தெர்மல் பவர் ஸ்டேஷன் பக்கம் கையை நீட்டி, "அக்கா, அந்தா செவப்பாத் தெரியுதுல்ல, அது செவ்வாதானே?" என்று கேட்டாள். புகைபோக்கி உச்சியில் எரிகிற விளக்கு என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். இந்த ஊருக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவை அதில் ஏமாந்தவர்கள்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். துணியை மடிக்காமல் கட்டிலில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களாக இருந்தால் அவளை லேசில் விட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து முதன்முதலாக வந்தபோது இதே விளக்கைக் காட்டி இதே கேள்வியைத்தான் கேட்டார். "மாப்ளே, அதுக்குப் போன வாரந்தான் நம்மாளு ஒருத்தன் ஏறி பல்பு மாத்திட்டு வந்தான்" என்றீர்கள். பாவம், அந்த மனுஷன் அன்றைக்குச் சாப்பாட்டில் தலை நிமிரவே இல்லை.

ரிட்டயராகி உங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தீர்கள். நான் ஆபீசிலிருந்து வந்ததும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு மாடிக்கு ஏறிவிடுவோம். வானத்துப் பைத்தியம் எனக்குத்தான். உங்களுக்கு அடிவானம் முழுக்க அத்துப்படி. சுரங்கத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு போகும் பெல்ட்டோடு மல்லுக்கட்டியே வயசானவர் நீங்கள். தூரத்து மண்மேட்டில் நிற்கிற மிஷினின் விளக்கு எது, மெயின்ரோட்டு விளக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். அதனால் எந்த வெளிச்சம் தெரிந்தாலும் உங்கள் முதல் கேள்வி, "என்னா பாப்பா, நம்முளுதா, வானத்துதா?"

மினுங்காமல் நின்றால் கிரகம், மினுங்கினால் நட்சத்திரம் என்பேன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு நேராக அந்த வெளிச்சம் வருகிற மாதிரி நின்று பார்த்துவிட்டு, டீயைக் குடித்து முடித்து, சாவகாசமாக மறுபடி அதே இடத்தில் நின்று பார்ப்பீர்கள். "நவுந்துகினு போவுது பாரு. அப்போ வானத்துது. நம்முளுது எங்க நவுரும்?" மார்கழியில் தென்கிழக்கே பச்சையும் சிவப்புமாகத் துடிக்கிற சிரியஸ் நட்சத்திரத்தைக் காட்டினால், எவனோ வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரே பிடிவாதம்.

அப்புறம் மறதி வந்தது. ஒருநாள் வடலூருக்குக் காய் வாங்கப் போனவர், பஸ்ஸை விட்டு இறங்காமல் குள்ளஞ்சாவடி வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றீர்கள். தெரிந்தவர்கள் போன் செய்தார்கள். செத்துப்போன அம்மாவை, "உங்கம்மா எங்க, இன்னும் வூட்டுக்கு வரல?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். தெரிந்த விஷயங்களைத் தினமும் கேட்டுக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். நம் விளையாட்டு பரீட்சையாகிவிட்டது. மேற்கே வெள்ளியைக் காட்டுவேன். "வெள்ளி" என்பீர்கள். அன்றைக்குத் தூங்குவேன். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறவரை என்னையும் ஞாபகம் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், காபி கொடுத்தேன். "ஒத்தப் பொண்ணு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே" என்று அத்தை என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது நிஜம்தான். தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்த கை மாதிரி இருந்தது எல்லாம். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு அது நினைவிருக்காது. கடைசியாக நாம் மாடிக்கு ஏறிய சாயங்காலம். பழைய கிண்டலை உங்கள் வாயால் இன்னொரு தடவை கேட்கலாம் என்ற ஆசையில் புகைபோக்கி விளக்கைக் காட்டி, "அப்பா, அது செவ்வாயா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். கிண்டல் வரவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னீர்கள்.

"ஊருக்குப் புதுசுங்களா? அது செவ்வா இல்லீங்க. ஸ்டாக் லைட்டு, பொகபோக்கி மேல எரியறது. வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

பதில் சரி. கேட்டவள் யார் என்றுதான் தெரியவில்லை.

பிறகு என் முகத்தில் எதைக் கண்டீர்களோ, ஆறுதலாக இன்னும் கொஞ்சம் சொன்னீர்கள். "எம் பொண்ணு ஆபீஸ்லேருந்து வர்ற நேரந்தான். வந்தா எது வெள்ளி, எது வியாழன், எல்லாம் கரெக்டா காட்டுவா. செத்த நேரம் இருங்க, வந்துடுவா."

சரிங்க என்று சொன்னேன். நீங்கள் மாடிப்படிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும் அதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அவள் இன்னும் வரவில்லை, அப்பா. அவள் வந்தால்தான் நான் அழ முடியும் போலிருக்கிறது.