திராட்சை மலைக்கு மூன்று நாள்

ஜனவரி 6

மகள் எனக்கும் என் மனைவிக்கும் மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறாள். செப்டம்பரில், ஒயின் செய்கிற திராட்சை மலைக்கு. இவளை அங்கே அழைத்துப் போவதாக நான் சொல்லி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. சந்தோஷம்தான். ஆனால் படிவத்தில் என் பெயருக்கு நேராக “உதவி தேவை, சக்கர நாற்காலி” என்று டிக் அடித்திருக்கிறாள். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு பழுது பார்த்தவன் நான்.

ஃபோன் போட்டு ரத்து செய்துவிட்டேன்.

ஜனவரி 7

இவள் பேசவில்லை. காபி வந்தது. டம்ளரை வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

ஜனவரி 9

பேசினாள். “ரத்து பண்ணத் தெரிஞ்சுதுல்ல? இப்ப நீங்களே ஏற்பாடு பண்ணுங்க. இன்னொரு தடவை தள்ளிப்போட்டா நான் என் தங்கச்சியோட போயிடுவேன்.”

செய்யக்கூடியவள். அக்காவும் தங்கையும் போய்வந்தால் ஆயுள் முழுக்க அதையே பேசிச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சில் நான் எங்கே இருப்பேன்?

ஜனவரி 12

நூலகத்தில் திராட்சை பற்றித் தடிமனான புத்தகம் கிடைத்தது. லிஃப்ட் வேலையையே புத்தகம் பார்த்துக் கற்றவனுக்குத் திராட்சை எம்மாத்திரம்? அறுவடை பிப்ரவரி நடுவில் என்று அறுபத்தொன்றாம் பக்கம் தெளிவாகச் சொல்கிறது. மகளோ, “பிப்ரவரில அங்க ஒண்ணும் இருக்காதுப்பா” என்கிறாள். கைபேசியில் பார்த்தாளாம்.

அறை பதிய ஃபோன் செய்தபோது மலை விடுதிக்காரம்மாவும் பிப்ரவரிதானா, நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டார். வயதானவன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். நிச்சயம் என்று மூன்று முறை சொன்னேன்.

ஜனவரி 27

திட்டம் தயார். நான்கு தாள். சரிவில் மூச்சு வாங்க நிற்கவேண்டிய இடங்களை “காட்சி பார்க்கும் இடம்” என்று குறித்திருக்கிறேன். மொத்தம் ஏழு.

இவள் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்குகிறாள். அறுவடை வெயிலுக்குக் கம்பளியா? சொன்னால் கேட்பவளா? பிடிவாதக்காரி.

பிப்ரவரி 3

முன்னுரையை இன்றுதான் படித்தேன். முன்னுரை படிக்கும் வழக்கம் எனக்கில்லை. எழுதியவர் பூமியின் தெற்குப் பாதிக்காரர். நமக்குக் குளிர்காலம் என்றால் அவர்களுக்குக் கோடை.

அப்படியென்றால் —

மகளிடம் சொல்வதா? செத்தாலும் மாட்டேன். இவளிடம்? தேதியை மாற்றலாமா என்று வாயைத் திறந்தாலே தங்கைக்கு ஃபோன் போய்விடும்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 16

கடுங்குளிர். மலை முழுக்க மொட்டைக் குச்சிகள். பேருக்கு ஓர் இலை இல்லை. விடுதியில் நாங்கள் மட்டும்தான்.

தோட்டத்து ஆட்கள் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். இவள் போய் ஒரு கத்தரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முப்பது வருடம் தையல் கத்தரி பிடித்த கை. மதியத்துக்குள் ஒரு வரிசையை முடித்துவிட்டாள். நான் திட்டப்படி ஏறினேன். மூன்றாவது காட்சி பார்க்கும் இடத்தில் முழங்கால் கைவிட்டது. குச்சி அள்ளும் தள்ளுவண்டியில் வைத்து இறக்கினார்கள். சக்கரம் இருந்தது. நாற்காலிதான் இல்லை.

சாயங்காலம் ஆளுக்கு அரை கிளாஸ் ஒயின். துவர்ப்பு. புத்தகம் கொஞ்சம் பழசு போலிருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“பழசு இல்ல. அது பூமிக்கு அந்தப் பக்கத்துப் புத்தகம். நீங்க மத்தியானம் தூங்குறப்ப முன்னுரையிலேர்ந்து படிச்சேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“எதுக்கு? நீங்க புடிச்ச முயலுக்கு மூணு காலு. இதையும் ரத்து பண்ணிட்டு உம்முனு உக்காந்திருப்பீங்க. இலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வந்துட்டோம்ல.”

பிப்ரவரி 18

கிளம்பும்போது விடுதிக்காரம்மா செப்டம்பர் அறுவடைக்கான படிவத்தை நீட்டினார். நானே நிரப்பினேன். “உதவி தேவையா?” என்ற கட்டம் வந்ததும், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை என்று இவள் பக்கம் தள்ளினேன்.

கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. இவள் அதைப் பார்த்தாள். டிக் அடித்தாள்.