மாரித் ஒன்றும் சொல்லவில்லை

ஜனவரி 6, 1969
மன்னிக்க வேண்டும். இது இவருக்கு ஆபீஸில் கொடுத்த டைரி, கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வெளிநாட்டில் பகலெல்லாம் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கீழ் வீட்டு இங்கா அம்மாளின் அப்பா நார்வேயிலிருந்து அமெரிக்காவில் டகோட்டாவுக்குப் போய்க் குடியேறியவர். அவர் எழுதி வைத்த நோட்டுகளை டைப் அடித்துத் தர வேண்டும். பேரப்பிள்ளைகளுக்காம். வீடு கட்டி ஐந்து வருஷம் குடியிருந்தால் அரசாங்கம் நிலத்தை இலவசமாகக் கொடுத்ததாம். மரமே இல்லாத புல்வெளி. மண்ணைப் புல்லோடு பாளமாக வெட்டி அடுக்கித்தான் சுவர், கூரை எல்லாம். மழை பெய்தால் கூரையிலிருந்து பாம்பு விழுமாம்.

ஜனவரி 9
வடக்கே அணைக்கட்டு வேலைக்கு இவரை அனுப்புகிறார்கள். இருபத்தேழாம் தேதி கிளம்ப வேண்டும். "ரெண்டே மாசம். ஏப்ரல்லதானே குழந்தை? அதுக்குள்ள வந்துடுவேன்" என்றார். தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்?

ஜனவரி 14
ஜன்னலின் உள்பக்கமே பனி உறைந்திருக்கிறது. மதியம் வரை குழந்தை அசையவில்லை. பிறகு அசைந்தது.

ஜனவரி 17
காலையில் இரத்தம் பட்டிருந்தது. கொஞ்சம்தான். கொஞ்சம்னா எவ்வளவு? யாரைக் கேக்கறது?

இவர் ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும், யார் வேண்டும் என்றாள். என் கணவர் என்றேன். பெயர்? வாய் திறந்தது, பெயர் வரவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இந்தியாக்காரர், இன்ஜினியர் என்றேன். "மூன்று பேர் இருக்கிறார்களே, மேடம்." வைத்துவிட்டேன். வீட்டிலேயே முதல் பட்டதாரி நான். படிச்சு என்ன?

பெயரைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, படி படியாக உட்கார்ந்தே இறங்கி, இங்கா அம்மாளிடம் நீட்டினேன். அவர்தான் போனில் 'மணிவாசகம்' என்று உடைத்து உடைத்துப் படித்தார். "இவ்வளவு நீளமென்றால் நானும்தான் சொல்லமாட்டேன்" என்று சிரித்தார். என் கையை மட்டும் விடவில்லை.

ஜனவரி 18
டாக்டர் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நான் படுத்தே இருக்க வேண்டுமாம். இவருக்கு நிம்மதி. பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இவரும் இல்லை, நானும் இல்லை.

ஜனவரி 21
படுக்கையிலேயே நோட்டைப் படிக்கிறேன். படித்திருக்கக் கூடாது.

1897, டிசம்பர். மாவு தீர்ந்துவிட்டது. டவுன் முப்பது மைல். இங்கா அம்மாளின் அம்மா மாரித்துக்கு வயிற்றில் எட்டு மாதம். கணவர் பனியில் சறுக்கிப் போகும் ஸ்லெட்ஜ் வண்டியில் கிளம்புகிறார். வழியில் பனிப்புயல். அவர் திரும்பி வந்தபோது எட்டாம் நாள். மாரித் அதுவரை வைக்கோலை முறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாளாம். குழந்தை பிறந்து இறந்திருந்தது. தரை உறைந்து இறுகிக் கிடந்ததால் தோண்ட முடியவில்லை. குழந்தையின் சவப்பெட்டியைக் கூரைமேல் வைத்துவிட்டு வசந்தம் வரும்வரை காத்திருந்தார்கள்.

கடைசி வரி: 'போகாதே என்று அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.'

ஜனவரி 22
சூப் கொண்டு வந்த இங்கா அம்மாளிடம், "உங்க அம்மா இதைப் பத்தி என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஒரு அண்ணன் இருந்ததே அப்பா எழுதியதைப் படித்துத்தான் தெரியும்" என்றார். பிறகு, "சூப் ஆறுகிறது, குடி" என்று அதட்டினார்.

ஜனவரி 24
கர்க்லாண்ட் என்ற ஊரில் இருக்கும் சிநேகிதர் குணசீலனோடு இவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "அவளா? ஒண்ணுமே சொல்லல சார். தைரியசாலி. உங்க வீட்டம்மா மாதிரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ற ஆள் இல்ல." சிரிப்பு.

நோட்டை எடுத்து அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

ஜனவரி 27
மணி ஒன்பது. எட்டு மணிக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அவர் கத்துவது படுக்கைவரை கேட்டது. இவர் "எஸ் சார், புரியுது சார். இல்ல சார், என்னால முடியாது" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். வேலை இருக்குமோ, போகுமோ, தெரியாது. இப்போது சமையலறையில் ரசத்துக்குப் புளி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். முகத்தில் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

நேற்று சாயங்காலம் இவர் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்:

"போகாதீங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."