கால்களை மறந்த குறிப்பு

மார்ச் 3, செவ்வாய். ஷானன்.
டெர்வ்லா சிமுலேட்டர் தேர்வில் தோற்றுவிட்டாள். பதினாறு வருடம் ஜெட் ஓட்டிய என் மகள்! ஓடுபாதையை விட்டு எழும்போது தேர்வாளர் வலது எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். விமானம் பக்கவாட்டில் இழுபட்டு, ஏறவே இல்லையாம். அடுத்த வாரம் வியாழன் மறுதேர்வு. அதிலும் தோற்றால் வேலை போகும்.

"வழிகாட்டும் கோடுகளைத் திரையில் பார்த்தாயா?" என்றேன்.

"பாத்தேன் மம்மி. ரெண்டும் நடுவுலதான் இருந்துச்சு."

பொய். நடுவில் இருந்தால் எப்படித் தோற்பாள்?

மார்ச் 4
மூன்று முறை தேநீர் போட்டேன். மூன்றும் ஆறிப்போயின.

மார்ச் 5
ரொட்டிக் கடையில் மலாக்கி கான்சிடைன். பயிற்சி மையத்தில் விமானிகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். பாடக்குறிப்புகளை நான் எழுதினேன். டெர்வ்லா தோற்றதையும், கோடுகள் நடுவில்தான் இருந்தன என்று அவள் சொல்வதையும் சொன்னேன்.

"அட்ராக்டா, கன்னியாஸ்திரிங்க வளத்த புள்ள நீ, கோடு கிழிச்சா தாண்டமாட்ட! அந்தக் கோடு ரெண்டும் கையோடதான் பேசும். காலுக்கு ஒரு வார்த்தை சொல்லுமா?"

என்ன திமிர்! ரொட்டிகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 6
என் பழைய குறிப்பைத் தேடி எடுத்தேன். டெர்வ்லாவுக்கு இதைத்தான் மனப்பாடம் செய்வித்தேன். 'எஞ்சின் நின்றால் கோடுகளை நடுவில் வை.' படுக்கைக் கோடு மூக்கைத் தாழ்த்தச் சொல்லி வேகத்தைக் காக்கும். நிற்கும் கோடு திசையைக் காக்கும். சரிதான். ஆனால் மூக்கு செத்த எஞ்சின் பக்கம் திரும்பும்போது முதலில் மிதிக்க வேண்டியது மறுபக்கப் பெடல் அல்லவா? அது எங்கே? பெடல் என்ற சொல்லே இல்லை. கால் சும்மா இருந்தாலும், கைச்சக்கரத்தைத் திருப்பியே கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம் — ஆனால் இறக்கைமேல் காற்றைத் தடுக்கும் தகடுகள் எழும்பி, ஏற்றம் கெடும்.

அவள் பொய் சொல்லவில்லை. ஐயோ, நான் சொன்னதைத்தானே செஞ்சிருக்கா.

மார்ச் 8, ஞாயிறு
பூசை முடிந்து வந்து போனை எடுத்தேன். வைத்தேன். என் கணவர் ஃபின்டன் உயிரோடு இருந்த வரை எனக்காக மன்னிப்புக் கேட்பதெல்லாம் அவர் வேலை. மறுபடி எடுத்தேன்.

"டெர்வ்லா, என் குறிப்பு தவறு. முதலில் கால். மூக்கு நேரானபிறகுதான் கோடுகள்."



"மம்மி, இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றியா? நீ தப்ப ஒத்துக்கிட்டேன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

மார்ச் 11
ஜன்னல்களைத் துடைத்தேன். பிறகு, துடைத்ததையே துடைத்தேன்.

மார்ச் 12, வியாழன்
"பாஸ், மம்மி."

எத்தனை பிழை, தேர்வாளர் என்ன எழுதினார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"சாப்பிட்டாயா?" என்றேன்.

"மம்மி," என்றாள் பயந்து, "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"