புல் இன்னும் இருக்கிற கரை

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
ஜனவரி 27

பிரியமுள்ள நெய்னா காக்காவுக்கு, தங்கை சாலிஹா சலாம் சொல்லி எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நேற்றிலிருந்து பனி. கமால் நியூயார்க் பஸ்ஸுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஆஸிபாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் மருந்துக் கம்பெனி லேபுக்கு மட்டும் லீவு கிடையாது. காரை மூடியிருந்த பனியைச் சுரண்டி எடுத்து, வேலைக்குப் போய்விட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியம் தொடங்குவதற்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். இந்த மாதம் எடுப்பதே இல்லை. கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும். கோபம் தணிந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் நீங்கள் அனுப்பிய பவர் பத்திரம் வந்தது. வாப்பா கருவாடு காயவைத்த கரைநிலத்தை இறால் பண்ணைக்காரருக்கு விற்க என் சம்மதம் வேண்டும், நியூயார்க் கான்சுலேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்று மாதம் போடவில்லை. மறந்துபோனேன் என்று உங்களிடம் சொன்னது பொய். இரண்டு முறை அப்பாயின்ட்மென்ட் வாங்கி இரண்டு முறையும் ரத்து செய்தேன். ஏன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் விடுமுறையில் தாய்லாந்து போனதுதான் உங்களுக்கு ஆறாத கோபம். கமாலோடு இன்ஜினியரிங் படித்தவர்கள் இருபத்தைந்து வருஷம் ஆனதற்காகக் குடும்பத்தோடு கிராபியில் கூடினார்கள். "தாய்லாந்து வரைக்கும் வந்தவளுக்கு ஊருக்கு வர வழி தெரியலையா?" என்று கேட்டீர்கள். வழி தெரியும், காக்கா. வந்தால் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று பயந்தேன். அதனால் வரவில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஒருநாள் பயணம் ஒன்றுக்குப் போனோம். அந்த நாளைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் என் முடிவைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ஹோட்டலில் கொடுத்த நோட்டீசில், தெளிந்த தண்ணீரில் கடற்பசு, நம் ஊர் ஆவுளியாதான், தன் குட்டியோடு நீந்தும் படம் இருந்தது. திராங் மாகாணத்தில் ஒரு தீவு, காடு, கடற்பசு, பழைய பள்ளிவாசல், எல்லாம் ஒரே நாளில். ஆஸிபா அதைப் பிடித்துக்கொண்டாள். நாங்களும், கமாலோடு படித்து இப்போது அமெரிக்காவில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் நஞ்சுண்டன் குடும்பமும் கிளம்பினோம். வேனில் இரண்டு மணி நேரம், பிறகு நீளமான மரப் படகு. துறையில் முக்காடு போட்ட ஓர் அம்மா நின்று எல்லோருக்கும் குடை கொடுத்தார். பெயர் ரொஹானா. அவர்தான் எங்கள் கைடு. ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சலாம் சொன்னார். பிறகு நானும் அவரும் அவருடைய அரைகுறை ஆங்கிலத்திலேயே நாள் முழுக்கப் பேசினோம்.

முதலில் ஒரு குன்றில் ஏற்றினார். வழியெல்லாம் காட்டு மரங்கள், எங்கோ இருவாட்சிப் பறவை ஒன்று சிறகடிக்கும் சத்தம். உச்சியில் மரப்பலகை மேடை. கீழே கடல், ஏற்றத்தண்ணீர். முன்பெல்லாம் இந்த நேரத்துக்குக் கடலடிப் புல் மேய ஆவுளியாக்கள் கரையோரம் வரும் என்றார். உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றுமில்லை. நஞ்சுண்டன் பொறுமை இழந்து கமாலிடம், "இத்தாச்சோட்டுப் பெரிய படம் போட்டிருக்கான், ஒண்ணையுங் காணோமே! ரீஃபண்ட் கேளு கமால்" என்றார். ஆளைப் பார்த்தே என்ன பேச்சு என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அவர் எழுந்து நின்று சொன்னார்: "நான் இங்கே கடைசியாக ஒன்றைப் பார்த்துப் பதினாறு மாதம் ஆகிறது. நோட்டீஸ் அதற்கு முன்னால் அச்சடித்தது. திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்குப் படகு இருக்கிறது. மற்றவர்களுக்கு அவை இருந்த இடத்தைக் காட்டுகிறேன்."

யாரும் திரும்பவில்லை. நஞ்சுண்டனுக்குக் கூச்சமாகிவிட்டது.

புல் செத்துப்போனதுதான் காரணமாம். கடல் சூடானதா, படகு வழிக்குத் தோண்டிய சேறு வந்து மூடியதா, இரண்டுமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். மேய்ச்சல் இல்லாமல் சில மெலிந்து கரை ஒதுங்கின, மிச்சம் எங்கோ போய்விட்டன. அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் அவற்றை வேட்டையாடியவர். புல்வெளி நடுவே நான்கு கழி நட்டு, மேலே உட்கார்ந்து ஈட்டி எறிவாராம். அவற்றின் கண்ணீருக்கு வசிய சக்தி உண்டு என்று வாங்க ஆள் இருந்ததாம். "என் வாப்பா ஆயுசு முழுக்கக் கொன்றபோதும் அவை இங்கேயே இருந்தன. புல் போனதும் போய்விட்டன" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் வலையில் பெரிய ஆவுளியா ஒன்று சிக்கி வந்தது. கரைநிலத்தில் போட்டுக் கூறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. அதன் குட்டி மட்டும் போகாமல் ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் விடிகாலை, ஆட்கள் கம்போடு வருவதற்குள், நீங்கள் தனியாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை நெஞ்சோடு அணைத்து ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனீர்கள். உங்களுக்குப் பதினான்கு வயது. ஈரத்துணியோடு திரும்பி வந்ததும், சொல்லாமல் எங்கே போனாய் என்று வாப்பா அடித்தார்கள். குட்டியைக் காப்பாற்றியதை நீங்கள் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் கருவாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். இத்தனை வருஷம் சொல்லாததற்கு மன்னியுங்கள்.

மதியம் பள்ளிவாசலில் தொழுதோம். பக்கத்து மையவாடியில் ஒருவரை அடக்கிய பழைய கபுறைக் காட்டினார் ரொஹானா. கடல் தாண்டி வந்த சூலியா மாலுமி, உங்கள் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவர் காலத்தில் இது கப்பல் நிற்கும் துறையாக இருந்ததாம். நாங்கள் நின்று ஃபாத்திஹா ஓதினோம்.

தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறக்கினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் பழுப்புச் சேறு. குனிந்து தோண்டினால் கறுத்துப்போன வேர் கையோடு வருகிறது. ஊர்ப் பெண்கள் தொட்டிகளில் வளர்த்த புல் நாற்றை வாளியில் கொண்டு வந்தார்கள். ஆளுக்குப் பத்து நட வேண்டும். நஞ்சுண்டன் முட்டிவரை சேற்றோடு நாற்பது நட்டார். நட்டதில் எத்தனை பிழைக்கும் என்று ஆஸிபா கேட்டாள். நூற்றுக்குப் பத்து வந்தால் நல்ல வருஷம் என்றார் ரொஹானா. அப்புறம் எதற்கு நடுகிறீர்கள் என்றாள் இவள். நீங்கள் அறிவீர்களே, மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "நாளைக்கும் ஒரு படகு ஆள் வருவார்கள். அவர்களும் நடுவார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்றை எடுத்தார்.

கை கழுவும்போது என்னிடம் உங்கள் ஊர் எங்கே என்று விசாரித்தார். எங்கள் ஊர் முன்னாலும் ஆவுளியா மேய்கிற கடல்தான் என்றேன். புல் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். "இன்னுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி, "இன்னும் இருக்கிறதா?" என்றார். "அப்படியானால் உங்களுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். இருப்பதைக் கெடுக்காமல் விட்டால் போதும்" என்றார்.

என்னிடம் ஒரு பத்திரம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? பண்ணைக் கழிவு எங்கே போகும்? நம் நிலத்து வாய்க்கால் வழியாக நேரே அந்தப் புல் மேல்தான் போகும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

திரும்பும் வேனில் கமாலிடம் சொன்னேன். "யோசிச்சுச் செய், சாலி. காக்கா அப்புறம் உன்னோட பேசவே மாட்டார், ஓகேவா?" என்றார். ஓகே இல்லை என்றேன். ஆனாலும் போட மாட்டேன் என்றேன்.

இங்கே வந்த பிறகு மதினிக்குப் போன் செய்தேன். அவரைக் கோபிக்காதீர்கள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். எதற்காக இப்போது விற்க வேண்டும் என்று கேட்டேன். "உன் வூட்டுல நாங்க எத்தன நாளக்கி இருக்கிறது, சாலி? அவங்களுக்குன்னு நாலு சுவரு வேணாமா?" என்றார்.

எனக்கு அன்று வேலை ஓடவில்லை. நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. உம்மா வீடு எனக்கு வந்தது. மதினி ஊரில் அந்த வழக்கம் இல்லை, அதனால் நீங்கள் போய் இருக்க ஒரு வீடும் வரவில்லை. நான் இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், நீங்கள் அங்கே இருந்து உம்மாவைக் கடைசிவரை பார்த்தீர்கள். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கக்கூட எனக்குக் கலர் அனுப்பிக் கேட்டுத்தான் அடித்தீர்கள். நான் அதைப் பாசம் என்று நினைத்து போனில் இதயப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எனவே என் முடிவைக் கேளுங்கள். வீட்டை உங்கள் பெயருக்கு எழுதிவிட்டேன். எடிசனில் பாலசுப்ரமணியன் அங்கிள் இருக்கிறார், தஞ்சாவூரில் வக்கீலாக இருந்தவர், இப்போது மகளோடு இருக்கிறார். அவர்தான் வாசகம் எழுதித் தந்தார். பதிவு செய்ய ஊரில் இருக்கும் ஹம்சா மாமா பெயருக்குப் பவர் கொடுத்து, கான்சுலேட்டில் கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இதற்கு நிபந்தனை எதுவும் கிடையாது. நிலத்தைப் பற்றி நீங்கள் என்ன முடிவு செய்தாலும் வீடு உங்களுடையது. கமாலும் மனதார ஒத்துக்கொண்டார்.

நிலத்தை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும். "அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு கடலப் பத்தி எனக்குச் சொல்றியா" என்று கேட்பீர்கள். சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லைதான். ஆனால் அந்தச் சேற்றில் நின்றவள் நான். அங்கே புல் எப்படிப் போயிற்று என்பதை என் கையால் தோண்டிப் பார்த்தேன். கேஸ் போடுவதென்றால் போடுங்கள், வந்து நிற்கிறேன். உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன், ஆனால் உங்கள் தட்டில்தான் சாப்பிடுவேன்.

என்னோடு பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆஸிபாவிடம் மட்டும் பேசுங்கள். பெரிய மாமா ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்கிறாள்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்கு நிம்மதி தரட்டும். என்னைத் துஆவில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
சாலிஹா

*

மார்ச் 2

தங்கை சாலிஹாவுக்கு, நெய்னா முகமது எழுதிக்கொண்டது. சலாம்.

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் பிரிக்கவில்லை. பிறகு பிரித்தேன்.

ஹம்சா மாமா இரண்டு தடவை வந்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். போகவில்லை. மூன்றாவது தடவை, மாடி அறையைத் தங்கச்சி பெயரில் விட்டு எழுதினால் வருகிறேன் என்றேன். உன்னைக் கேட்க வேண்டாமா என்றார். அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் இருபது வருஷம் போய்விட்டது, இதை நானே சொல்கிறேன் என்றேன். போன வியாழக்கிழமை பதிவாயிற்று. உன் மதினி அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் வெங்காயம் என்கிறாள்.

பண்ணைக்காரர் வந்தார். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நானும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நீ சொன்னதற்காகத்தான் என்று பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பழைய விஷயத்தை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இனி எழுதாதே.

ஆஸிபா போன் செய்தாள். அரை மணி நேரம் இங்கிலீஷில் கேள்வி கேட்டாள். பாதி புரிந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மார்பில் கொஞ்ச நாளாக ஒரு பிடிப்பு. தஞ்சாவூரில் பார்த்தார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி ஆபரேஷன் என்கிறார்கள். பெரிய ஆபரேஷன் இல்லையாம், டாக்டர் சொல்கிறார். உன் மதினிக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். வா என்று உன்னைக் கூப்பிடவில்லை. தேதியைத் தெரிவித்தேன், அவ்வளவுதான். உனக்கு லேபில் வேலை இருக்கும்.

ஏப்ரல் பத்து, வெள்ளிக்கிழமை. காலையில்.

அல்லாஹ் உன்னையும் கமாலையும் பிள்ளையையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

நெய்னா